அரசு ஆஸ்பத்திரியைத் தனியாரிடம் கொடுப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு எது தாங்கும்?

ஜி.எச்.சில் சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாசகம் தவறாமல் வந்து விழும்: "இதைத் தனியாருக்குக் கொடுத்துட்டா கக்கூஸாவது சுத்தமா இருக்கும்." கோபம் நியாயமானதுதான். ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் காவலும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. எந்தக் குறையைக் காட்டித் தனியாரைக் கேட்கிறோமோ, அந்த வேலை இப்போதே அவர்களிடம்தான் இருக்கிறது.

ஏன் அழுக்கு போகவில்லை? கணக்குப் போட்டால் தெரியும். ஒரு வார்டில் எந்த நேரமும் ஒரு துப்புரவுப் பணியாளர் இருக்க வேண்டுமென்றால் நாளைக்கு மூன்று ஷிப்டு, வாரத்துக்கு 21 ஷிப்டு. ஒருவர் வாரத்தில் ஆறு ஷிப்டுதான் பார்க்க முடியும். ஆக, மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் மூன்று பேரை வைத்து ஒப்பேற்றுவார். அப்போது ராத்திரி ஷிப்டு காலியாகக் கிடக்கும், அல்லது பகலில் பெருக்கிய அதே அம்மாவே ராத்திரியும் நிற்பார். ஒப்பந்தம் தலையை எண்ணுகிறது. கழிவறையை ஒரு ஷிப்டில் எத்தனை முறை கழுவ வேண்டும் என்று எண்ணுவதில்லை. பில் மாதக் கடைசியில் தலைக்கணக்கில் பாஸாகிவிடும்.

இந்தச் சின்ன விஷயத்தில் இருப்பதுதான் பெரிய விஷயத்திலும் இருக்கிறது. "அரசா, தனியாரா" என்று மொத்தமாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். மருத்துவமனை என்பது ஒரு வேலையல்ல, ஐம்பது வேலை. ஒவ்வொன்றிலும் இரண்டைப் பார்க்க வேண்டும்: பணம் கொடுப்பவர் அந்த வேலையை எண்ணிப் பார்த்து வாங்க முடியுமா? சரியில்லையென்றால் மறுநாளே திரும்ப எடுத்து நடத்த முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வெளியே கொடுக்கலாம். ஒன்றுக்கு இல்லையென்றாலும் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டு மாவட்டங்களில் நடந்தவற்றையும், நடக்கலாம் என்று பேசப்படுகிறவற்றையும் அந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

துண்டு துண்டாகக் கொடுப்பது

நன்றாக நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. நடத்துவது அரசுக்கு வெளியே இருக்கும் அமைப்பு, செலவு அரசினுடையது, நோயாளிக்கு ஒரு பைசா இல்லை. அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாமே பதிவாகிறது. எண்ண முடிகிற வேலை. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரி இறங்கி நான்கைந்து வண்டிகளை நசுக்கும் நாளில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

மருந்துக் கொள்முதலும் இப்படித்தான். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாத்திரை செய்வதில்லை. தனியார் கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்குகிறது. ஆனால் விலைக் கவரைத் தொழில்நுட்பத் தகுதி பார்த்த பிறகே பிரிப்பது, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது, அட்டையில் 'தமிழ்நாடு அரசு' என்று அச்சிடச் செய்வது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் வைத்து அதன் வரம்புக்குள் மருந்து எடுக்கச் சொல்வது என்று கடிவாளம் முழுவதும் அரசிடம். பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர் கையில் பணம் புரள்வதில்லை, மருந்து மட்டும் புரள்கிறது. தனியார் இதிலும் சம்பாதிக்கிறார்கள், மக்களும் பிழைக்கிறார்கள். இதைத் தனியார்மயம் என்று யாரும் திட்டுவதில்லை. அரசு வாங்குபவராகவே நின்றதுதான் காரணம்.

சிறுநீரகம் கெட்டவரின் ரத்தத்தை இயந்திரத்தில் வடிகட்டும் டயாலிசிஸ் கொஞ்சம் வழுக்கல். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். நிமிடத்துக்கு 500 மில்லி என்று ஓடும் திரவத்துக்கு மட்டும் ஒரு முறைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஒரு இயந்திரத்தை நாளைக்கு மூன்று ஷிப்டு, வாரம் ஆறு நாள் ஓட்டினால் 18 முறை, அதாவது ஆறு நோயாளிகள். பத்து இயந்திரம் என்றால் அறுபது பேர். இதைத் தனியாரிடம் 'முறைக்கு இவ்வளவு' என்று கொடுத்தால் எண்ணுவது சுலபம், ஆகவே கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் நான்கு மணி நேரத்தை மூன்றரையாகச் சுருக்கினாலும் எண்ணிக்கையில் ஒன்றுதான். வடிகட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தினாலும் ஒன்றுதான். தண்ணீர் சோதனையைத் தள்ளிப்போட்டாலும் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் நிமிடம், வடிகட்டியின் மறுபயன்பாட்டு வரம்பு, மாதாந்திரத் தண்ணீர்ச் சோதனை, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் இவை நான்கும் எழுத்தில் இல்லையென்றால் அரசு எண்ணுவது வெறும் தலையைத்தான், துப்புரவு மாதிரியே.

இதில் யாரும் பேசாத இன்னொன்று தூரம். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வாரம் மூன்று முறை வந்து போகிறவருக்கு மாதத்தில் 12, 13 நாள் பஸ்ஸிலேயே போய்விடும்; கூட வருபவரின் கூலியும் போகும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர் போன்ற தாலுகா மருத்துவமனைகளில் ஐந்தைந்து இயந்திரம் இருப்பது தலைநகரில் ஐம்பது இருப்பதைவிடப் பலருக்கு உதவும். தனியாரிடம் விட்டால் அவர் ஐம்பதைத்தான் போடுவார். ஒரே தண்ணீர்ச் சுத்திகரிப்பு, ஒரே டெக்னீஷியன் குழு என்று அவருக்கு அதுதான் கட்டுப்படியாகும்; அதை அவருடைய குற்றமாகச் சொல்ல முடியாது.

அட்டை கொடுத்துத் தனியாரிடம் அனுப்புவது

2009 ஜூலையில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று தொடங்கிய அரசுக் காப்பீடு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் 'கூடுதலாகக் கட்டுங்கள்' என்று கேட்டால் 1800 425 3993 எண்ணில் புகார் சொல்லலாம். பில் கட்டி டிஸ்சார்ஜ் ஆன பிறகு சொல்வதைவிட, அட்மிஷனில் இருக்கும்போதே சொன்னால்தான் பலன்.

மறுக்க முடியாத நன்மை உண்டு. இதய அறுவை, புற்றுநோய்க் கதிர்வீச்சு, மூட்டு மாற்று என்று ஒரு காலத்தில் நிலத்தை விற்றுச் செய்த வைத்தியம் இன்று விற்காமல் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் செய்தாலும் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருவதால் அங்கும் கருவிகள் கூடியிருக்கின்றன.

குறை எங்கே என்றால், அட்டை படுக்கையைத்தான் பார்க்கும். சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை எதுவும் இதில் வராது. பத்து வருடம் மாத்திரை இல்லாமல் விட்டு, பக்கவாதம் வந்து விழுந்த பிறகு பணம் கொடுக்கும் ஏற்பாடு இது. அதற்கு நேர் எதிரான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் பணியாளரின் வேலையை எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் பேக்கேஜாகப் போட முடியாது. வராமல் தடுத்த பக்கவாதத்துக்கு யார் பில் எழுதுவது?

இரண்டாவது குறை, எதற்குப் பணம் வருகிறதோ அது பெருகும். தேவையில்லாமல் கருப்பை அகற்றும் அறுவை காப்பீட்டுப் பணத்துக்காகப் பல மாநிலங்களில் நடந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்குக் கண்காணிப்பு உத்தரவு வந்தது. பிரசவத்தில் இதை எண்ணாகவே பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். சிக்கலான கேஸை எல்லாம் கடைசியில் அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் வழக்கம் உள்ள மாநிலத்தில் இந்த எண்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அட்டை செல்லுபடியாகும் கடை எங்கே என்பது. ஓசூரில் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி. அதைத் தாண்டினால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. சிப்காட் தொழிலாளிக்குச் சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ.யும் உண்டு. பெட்டமுகிலாளத்துக்காரருக்கும் சித்தேரிக்காரருக்கும் அதே 5 லட்ச ரூபாய் அட்டைதான். ஆனால் மலையில் அதை நீட்ட இடமில்லை. ஒரு கடையே இல்லாத இடத்தில் போட்டியால் தரம் உயரும் என்று சொல்வதில் பொருளில்லை.

கட்டடத்தோடு குத்தகைக்குக் கொடுப்பது

உண்மையில் பயப்பட வேண்டியது இது. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு வரைவு வெளியிட்டது: மாவட்ட அரசு மருத்துவமனையைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைத்து நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுப்பது, படுக்கைகளில் ஒரு பகுதியை 'சந்தைப் படுக்கை' என்று கட்டணத்துக்கு விடுவது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் வந்தது. கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் 2022 ஜனவரி 12 அன்று கிடைத்தது. ஆனால் எல்லை தாண்டி ஆந்திராவில் மதனப்பள்ளி உட்பட பத்துப் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் கூட்டோடு நடத்த 2025இல் அமைச்சரவை முடிவெடுத்து, அது பெரிய அரசியல் போராட்டமானது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மதனப்பள்ளி தூர தேசமில்லை. இங்கேயும் கேள்வி ஒரு நாள் வரும்.

முன்னால் நடந்தவை என்ன சொல்கின்றன? டெல்லியில் அரசு ஒரு தனியார் மருத்துவமனைக்கு 15 ஏக்கர் நிலத்தைப் பெயரளவு வாடகைக்குக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு படுக்கை ஏழைகளுக்கு இலவசம் என்று ஒப்பந்தம் போட்டது. 'இலவசம்' என்பதில் மருந்தும் உபகரணமும் சேருமா என்ற தகராறிலேயே ஆண்டுகள் ஓடி, 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒப்பந்தம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. பக்கத்துக் கர்நாடகாவின் ராய்ச்சூரில் ஒரு சிறப்பு மருத்துவமனையைப் பெரிய தனியார் குழுமம் நடத்தி, சுமார் பத்து ஆண்டுகளில் விலகிக்கொண்டது. இங்கிலாந்தில் ஹின்சிங்புரூக் மருத்துவமனையை 2012இல் எடுத்த கம்பெனி, கட்டுப்படியாகவில்லை என்று 2015இல் திருப்பிக் கொடுத்தது. லாபம் வந்தால் அவர்கள் நடத்துவார்கள், வராவிட்டால் சாவி நம் கைக்கு வரும். அந்த இடைவெளியில் அரசு டாக்டர்கள் பணியிடங்கள் இல்லாமல் கலைந்து போயிருப்பார்கள். மறுநாளே திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் இங்கே தெளிவாக 'இல்லை'.

படுக்கைக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'பாதிப் படுக்கை இலவசம்' என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் தருமபுரி ஜி.எச்.சில் டெங்கு காலத்தில் படுக்கை எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. பாய் விரித்தாவது சேர்த்துக்கொள்வார்கள். அது அசிங்கம்தான், ஆனால் வாசலில் 'இடமில்லை' என்று சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் கிடையாது. குத்தகைக்குப் போன மருத்துவமனையில் இலவசப் படுக்கை நிரம்பியதும் அந்த உரிமை எழுத்திலேயே வந்துவிடும்.

செலவில் வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு அளவுகோல்: 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், பிரசவம் நீங்கலாக ஒரு முறை படுத்து எழுந்திருக்க இந்திய அளவில் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய்.

பி.எச்.சி.யைக் கொடுப்பது

'பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், சின்னதைக் கொடுப்போம், யார் கேட்கப் போகிறார்கள்' என்ற யோசனையும் உண்டு. கர்நாடகாவில் கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தை 1996இல் கருணா டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் எடுத்து நன்றாகவே நடத்தியது. அங்கே வேலை செய்தது லாப ஆசையல்ல, மலையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர்களின் பிடிவாதம். அதை டெண்டர் விட்டு வாங்க முடியாது.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு பி.எச்.சி., மலையில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் 5,000க்கும் 3,000க்கும். மலைப் பி.எச்.சி.யில் நாள் முழுக்க இருபது பேர்கூட வராத நாள் இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடி விரியன் கடித்தவர் வந்தால் பாம்புக்கடி மருந்து பத்துக் குப்பி உடனே ஏற்ற வேண்டும். அது காலாவதியாகும் வரை சும்மா கிடக்க வேண்டிய மருந்து. கணக்குப் பார்த்து நடத்துபவருக்கு முதலில் கண்ணில் படும் வீண் செலவு அந்தக் குப்பிகள்தான்.

மலைக்கு டாக்டர் ஏன் வருகிறார் என்பதும் இந்த விவாதத்தில் விடுபட்டுப் போகிறது. தமிழ்நாட்டில் மாநிலத்துக்கு உரிய மேற்படிப்பு இடங்களில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. மலையிலும் கடினப் பகுதியிலும் வேலை பார்த்தால் ஊக்க மதிப்பெண்ணும் கிடைக்கும். அந்த ஒதுக்கீட்டை வழங்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சித்தேரிக்கு ஒரு இளம் டாக்டரை இழுப்பது சம்பளத்தைவிட இந்த எம்.டி. கனவுதான். பி.எச்.சி.யைத் தனியாரிடம் கொடுத்தால் அங்கே வேலை பார்ப்பவர் அரசு ஊழியரல்ல. ஒதுக்கீடு போச்சு, கூடவே டாக்டரும் போச்சு.

எண்ண முடியாத வேலைக்கு இந்த மண்ணிலேயே பெரிய உதாரணம் தண்ணீர். தருமபுரியில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்தது. வைத்தியம் எந்த வார்டிலும் இல்லை. ஜப்பான் கடனுதவியோடு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் வைத்தியம்.

அரசிடமே வைத்துச் சரிசெய்வது

இதைச் சொல்லும்போது அரசு மருத்துவமனை கோயில் என்று கதை விடக் கூடாது. ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, மதியத்துக்கு மேல் சீனியர் டாக்டர் கிளினிக்கில், 'சேலத்துக்குக் கொண்டு போங்க' என்ற சீட்டு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றில் பல ஆள் பற்றாக்குறையின் வேறு வேறு முகங்கள். தாலுகா மருத்துவமனையில் ராத்திரி சிசேரியன் நடக்க மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம் நான்கும் ஒரே நேரத்தில் வேண்டும். மயக்க மருந்து டாக்டர் ஒருவர் மட்டும் இருந்தால் சிசேரியன் பகலில்தான்; ராத்திரி வலி வந்தால் 108. சுழற்சிக்கு நான்கு பேர் வேண்டும். தனியாரிடம் கொடுத்தால் அந்த மூன்று பேர் எங்கிருந்தோ முளைத்துவிட மாட்டார்கள். இதே ஊரில் கிளினிக் நடத்தும் அதே ஆட்கள்தான். அவர்களைக் கேஸுக்கு இவ்வளவு என்று ராத்திரி அழைத்துக்கொள்வது நல்ல வழி. எண்ணலாம், நாளைக்கே நிறுத்தலாம்.

இன்னொரு சிக்கல்: தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் கொடுத்துச் சோதனை போடுபவர் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கள்ள ஸ்கேன் கும்பல்கள் தருமபுரியில் திரும்பத் திரும்பப் பிடிபடுவது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. சோதனை போட வேண்டிய அலுவலகமே ஒப்பந்தக் கூட்டாளியாகிவிட்டால் கதவைத் தட்டும் கை தயங்கும்.

ஆக எங்கள் கணிப்பு இது. ஆம்புலன்ஸ், ஸ்கேன், துணி வெளுப்பு, கேஸ் கணக்கில் வரும் சிறப்பு டாக்டர்: கொடுக்கலாம். டயாலிசிஸ்: மேலே சொன்ன நான்கும் எழுத்தில் இருந்தால் மட்டும். துப்புரவு: தலைக்கணக்கை மாற்றாவிட்டால் திரும்ப எடுப்பதே நல்லது. காப்பீடு: அறுவைக்கு இருக்கட்டும், பி.எச்.சி.க்குப் போக வேண்டிய பணத்தில் கை வைக்காமல். கட்டடக் குத்தகையும் பி.எச்.சி.யும்: வேண்டாம்.

உங்கள் ஊர் மருத்துவமனையில் இப்போதே எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். 'விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். ஒப்பந்த நகலையே கேளுங்கள். ஷிப்டுக்கு எத்தனை பேர், போன வருடம் எத்தனை ரூபாய் அபராதம் பிடித்தார்கள், அபராதம் பூஜ்யம் என்றால் சோதனைப் பதிவேட்டின் நகல், ஒப்பந்தம் முடியும் நாளில் இயந்திரம் யாருக்குச் சொந்தம் என்ற பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போகலாம். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று தேதிகள் தெரிந்தவைதான்.